சுகம் கேட்ட நாற்பத்து மூன்று நாள்

செத்துப்போன ஒருத்திக்கு நாற்பத்து மூன்று நாள் சுகம் கேட்டு ஜெபித்தவள் நான். ஏனோதானோ என்று இல்லை. முழங்காலில் நின்று, கண்ணீர் விட்டு, வாய் திறந்து சத்தமாக. நாற்பத்து நாலாம் நாள், ஞாயிறு ஆராதனையில், இருநூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அவள் எழுந்து நடக்கிறாள் என்று சாட்சியும் சொன்னேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கே சில சமயம் சிரிப்புத்தான் வருகிறது. பிறகு அது எங்கே போய் முடிகிறது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நான் கெட்டவளாக இருந்திருந்தால் இதைத் தாங்கிக்கொள்ளலாம். கெட்டவள் செய்தாள், ஒழியட்டும் என்று விட்டுவிடலாம். நான் நல்லவள். சபையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஒரு பெரிய ஓட்டலின் துணிப் பிரிவில் மேற்பார்வையாளர் நான். முந்நூற்றுப் பத்து அறைகளின் விரிப்பும் உறையும் துவாலையும் தினமும் என் கண்ணில் படாமல் போகாது, வராது. பதினாறு வருஷமாக இதே வேலை. விரிப்பைப் பார்த்தே அதில் படுத்தவர் கதையைச் சொல்லிவிடுவேன் என்று எங்கள் பிரிவில் பெயர். தனியாகப் படுத்தாரா, தூங்காமல் புரண்டாரா, அழுதாரா, ஊருக்குப் போக மனமில்லாமல் கட்டிலிலேயே கிடந்தாரா, எல்லாம் சொல்வேன். இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் கடைசியில் என் காலை வாரிவிட்டது.

வேலை முடிந்தால் சபை. திங்கட்கிழமை பெண்கள் ஐக்கியச் செயற்குழு, நான்தான் செயலாளர். புதன் உபவாச ஜெபம். வியாழன் பாடகர் குழுப் பயிற்சி. வெள்ளி வீட்டு ஜெபக் கூட்டம். சனி, பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பான ஓய்வுநாள் பள்ளிக்குப் பாடம் தயாரிப்பு. ஞாயிறு விடிந்ததிலிருந்து பொழுது அடைவது வரை. செவ்வாய் மட்டும் காலி, அன்றைக்கு என் வீட்டுத் துணியைத் துவைப்பேன். என் வீட்டுக்காரர் ரொட்டி வேன் ஓட்டுகிறவர். அதிகாலை நாலு மணிக்கே கிளம்பிவிடுவார். சபைக்கு மாதத்தில் ஒரு நாள் எட்டிப் பார்ப்பார். "பரலோகத்துல உனக்கு இடம் நிச்சயம்டி. ஆனா அங்கயும் நீ உக்கார மாட்ட," என்பார். அந்தக் கேலியை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம் எங்கள் பாஸ்டர் ஐயா ஒரு திட்டம் கொண்டுவந்தார். 'ஒரு வருடம், ஒரு வீடு.' ஒவ்வொருவரும் அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டைத் தெரிந்தெடுக்க வேண்டும். அந்த வீட்டாரோடு பழக வேண்டும், அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும். எல்லாருக்கும் மஞ்சள் அட்டை ஒன்று கொடுத்தார். வீட்டார் யார், அவர்கள் தேவை என்ன, இந்த வாரம் அவர்களோடு எவ்வளவு நேரம் செலவிட்டீர்கள் என்று மூன்று கட்டம். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. முதல் கட்டத்தில் 'பக்கத்து வீட்டு அக்கா', இரண்டாவதில் 'நுரையீரல் நோய், நடக்க முடியாது' என்று எழுதினேன். மூன்றாவதில் வாரா வாரம் 'ஜெபத்தில் இரண்டு மணி இருபது நிமிடம்' என்று எழுதிக் கொடுத்தேன். தினமும் காலை ஐந்து மணிக்கு இருபது நிமிடம், ஏழு நாளுக்குக் கணக்குச் சரிதானே. பாஸ்டர் ஐயா அந்த அட்டையைச் சபையில் தூக்கிக் காட்டி, "இதுதாங்க பாரம்!" என்றார். பிறருக்காக உருகிச் சுமக்கிற மனசைத்தான் எங்கள் சபையில் பாரம் என்போம். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் அடுத்தடுத்து இரண்டு கதவுகள். ஒன்று எங்களுடையது, மற்றது அவர்களுடையது. நடுவில் ஒரு சுவர். அக்காவின் வீட்டுக்காரரான அண்ணன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். தினமும் பத்துப் பேர் அவர் உயிரோடு விளையாடினாலும், பக்கத்து இருக்கையில் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, "பரவால்ல, மறுபடி எடுங்க," என்று சொல்கிற மனிதர். அக்கா சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குள் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தவள். நோய் வந்த பிறகு வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலி, பிராணவாயு உருளை, இருமல். அவ்வளவுதான் அவள் உலகம்.

அவள் வீட்டுக்குள் நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பதினோரு நிமிடம்.

"வாம்மா, வா. அந்தத் தலைகாணியத் தூக்கிக் கீழ போட்டுட்டு உக்காரு," என்றாள்.

"அக்கா, உங்களுக்காகத் தினமும் ஜெபம் பண்றேன்."

"பண்ணு. வேணாம்னு சொல்லல. ஆனா எனக்கு இப்ப அவசரமா வேற ஒண்ணு வேணும். நீ ஓட்டல்லதானே வேல பாக்குற? அங்க யார் யாரு வந்து தங்குறாங்க, என்னென்ன கூத்து நடக்குது, அதச் சொல்லு. இந்த மனுசன்கிட்டப் பேச்சுக் கொடுத்தா கிளட்ச்சு, கியர், இதத் தவிர வேற ஒண்ணும் வராது."

"பிரேக்கும் இருக்கு," என்றார் அண்ணன் அடுக்களையிலிருந்து.

மூன்று பேரும் சிரித்தோம். அவள் சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்கியதும் மறுபடி சிரிப்பாக மாறியது. எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போனது. நான் ஒரு புதுமணத் தம்பதியின் கதையைச் சொன்னேன். வந்து தங்கிய முதல் ஐந்து நாளும் கட்டிலில் ஒரு பக்க விரிப்புத்தான் கசங்கியிருந்தது; இன்னொருத்தர் சோபாவில் படுத்திருக்கிறார். தலையணை உறையில் மை கரைந்த கண்ணீர். ஆறாம் நாள் பார்த்தால் சோபாவில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"ஐயய்யோ, ஆறாம் நாள் என்னடி ஆச்சு?" என்று அவள் நாற்காலியில் முன்னால் சாய்ந்தாள். பதினோரு நிமிடத்தில் 'டி' போடும் அளவுக்கு வந்துவிட்டிருந்தாள்.

அப்போது என் கைப்பேசி அடித்தது. ஐக்கியத்தின் ஆண்டு அறிக்கை உடனே வேண்டுமாம். நான் எழுந்துவிட்டேன்.

"கதையப் பாதியில விட்டுட்டுப் போறியே. எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

"இன்னொரு நாள் வந்து சொல்றேங்க்கா. கண்டிப்பா."

அந்தக் கண்டிப்பு நாலு மாதம் ஆகியும் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். முதலில் அந்தத் தம்பதியின் கதை, அடுத்த வாரம் வேறு கதை, அப்படியே பேச்சோடு பேச்சாக ஆண்டவரைப் பற்றியும் சொல்லிவிடலாம் என்று திட்டமெல்லாம் போட்டேன். ஒரு வாரம் பேச்சாளர் வந்தார், ஒரு வாரம் ஓட்டலில் தணிக்கை, ஒரு வாரம் பாடகர் குழுவில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையில்லாமல் நின்றார்கள், சமாதானம் பண்ணப் போனேன். கதவைத் தாண்டித்தான் தினமும் போனேன், வந்தேன். திறந்த கதவுக்குள் சில சமயம் அக்கா நாற்காலியில் தெரிவாள். கையை ஆட்டுவேன். காலில் சக்கரம் கட்டியவள்போல் படியிறங்கிவிடுவேன்.

ஆனால் காலை ஐந்து மணி ஜெபத்தை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை. சுவர் ஓரமாக முழங்காலிடுவேன். அந்தப் பக்கத்திலிருந்து அவள் இருமல் கேட்கும். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு உருகும். "ஆண்டவரே, பக்கத்து வீட்டு அக்காவைத் தொடும், அவங்க நுரையீரலைத் தொடும், அவங்களை எழுப்பி நடக்கப் பண்ணும்," என்று கதறுவேன். யாரும் பார்க்காத இடத்தில் விட்ட கண்ணீர் அது, நடிப்பு இல்லை. அவளை நான் நேசித்தேன் என்று இன்றும் சொல்வேன். அந்த நேசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

பிறகு சபை முகாம் வந்தது. சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாள். வெள்ளி மாலையே பேருந்து பிடித்துப் போய்விட்டோம். வாசலிலேயே எல்லார் கைப்பேசியையும் ஒரு பைக்குள் வாங்கிக் கட்டி வைத்துவிட்டார்கள். கைப்பேசி உபவாசமாம், அந்த யோசனையைச் செயற்குழுவில் சொன்னவளே நான்தான். அங்கேயும் காலை ஐந்து மணிக்கு அக்காவுக்காக ஜெபித்தேன். திங்கள் மாலை பையை அவிழ்த்தபோது என் கைப்பேசியில் நானூற்றுச் சொச்சம் செய்திகள். எந்தக் குழுவில் எது என்று யார் உட்கார்ந்து பார்ப்பது? எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டேன்.

திரும்பி வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. என் துணிகளை உலர்த்த மொட்டைமாடிக்குப் போனேன். பக்கத்துக் கொடியில் அக்காவின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பத்துப் பன்னிரண்டு உடுப்பு, எல்லாம் வெளியே போகும்போது உடுத்துகிற நல்ல உடுப்பு. படுக்கையில் கிடப்பவளின் தளர்ந்த இரவு உடை ஒன்றுகூட இல்லை. ரப்பர் விரிப்பு இல்லை. துப்பல் துண்டு இல்லை. பதினாறு வருஷ அனுபவம் எனக்குள் உடனே தீர்ப்பு எழுதிவிட்டது. இது நோயாளியின் துணி இல்லை, வெளியே போய்வரத் தயாராகிறவளின் துணி என்று.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. இருமல் நின்றுவிட்டது. சக்கர நாற்காலியைக் காணோம். உருளை கொண்டுவருகிற ஆள் வருவதில்லை. நான் சந்தோஷத்தில் இன்னும் அழுதேன், இன்னும் கேட்டேன், "பாதியில விட்டுராதீங்க ஆண்டவரே, பூரண சுகம் கொடுங்க," என்று. ஒரு நாள் அவசரமாகப் படியிறங்கும்போது அண்ணன் மேலே ஏறி வந்தார். "அண்ணே! அக்காகிட்டச் சொல்லுங்க, சீக்கிரம் வர்றேன்னு!" என்று கத்திக்கொண்டே தாண்டி ஓடினேன். அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது தெரிந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. பேருந்துக்கு மூன்று நிமிடம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. 'ஒரு வருடம், ஒரு வீடு' பற்றிச் சாட்சி சொல்ல யாராவது வரலாம் என்றார் பாஸ்டர் ஐயா. ஒருவரும் எழவில்லை. எழாத சபையைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. நான் போய் மைக்கைப் பிடித்தேன். டாக்டர்கள் கைவிட்டதைச் சொன்னேன், ஐந்து மணி ஜெபத்தைச் சொன்னேன், இருமல் நின்றதைச் சொன்னேன். ஜனங்கள் "அல்லேலூயா" என்றார்கள். அந்தச் சத்தம் தலைக்கேறியது. "இன்னைக்கு அந்த அக்கா எழுந்து நடக்குறாங்க, என் கண்ணால பாத்தேன்!" என்று சொல்லிவிட்டேன். நான் பார்த்தது துணியை. கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது.

"இன்னைக்கு மத்தியானமே போறோம் சிஸ்டர். அந்தச் சகோதரியைப் பாத்து, அடுத்த வாரம் ஆராதனைக்கு அழைக்கிறோம்," என்றார் பாஸ்டர் ஐயா. பாஸ்டரம்மா கேக் வாங்கி, அதன் மேல் 'சுகம் தந்தவருக்கு நன்றி' என்று எழுதச் சொல்லி வாங்கிவந்தார்கள். மூன்று பேரும் படியேறினோம். நான்தான் முன்னால். கடைசிப் படியில் பாஸ்டரம்மா துதிப்பாட்டு ஒன்றை எடுத்துக்கொடுக்க, பாடிக்கொண்டே கதவைத் தட்டினோம்.

அண்ணன் கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பாட்டு முடிகிற வரை மரியாதையாக நின்றார்.

"ஸ்தோத்திரம் பிரதர்!" என்று பாஸ்டர் ஐயா கேக்கை அவர் கையில் கொடுத்தார். "கர்த்தர் உங்க வீட்டுல பெரிய காரியம் செஞ்சிருக்கார். சிஸ்டரக் கூப்பிடுங்க, பாத்துட்டுப் போறோம்."

அவர் கேக்கின் மேலிருந்த எழுத்தை மெதுவாகப் படித்தார்.

"யாருக்குச் சுகம்?"

"உங்க வீட்டம்மாவுக்குத்தான்! எழுந்து நடக்குறாங்களாமே. நம்ம சிஸ்டர் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னாங்களே!"

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிற பிள்ளை தப்பான பக்கம் திருப்பிவிட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

"அவ இறந்து இன்னையோட நாப்பத்து நாலு நாளுங்க," என்றார்.

பாஸ்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பாஸ்டர் ஐயாதான் முதலில் சுதாரித்தார். அவருடைய தொழில் அது. "உள்ள வரலாமா பிரதர்?" என்று கேட்டு உள்ளே போய், தலையைக் குனிந்து, நல்ல ஆறுதல் ஜெபம் ஒன்று பண்ணினார். ஜெபம் முடிகிற வரை அண்ணன் அந்தக் கேக்கைக் கையில் ஏந்திக்கொண்டே நின்றார். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. நான் கண்ணை மூடவில்லை. அக்காவின் படம் ஒன்று சுவரில் இருந்தது. டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற படம்.

படியிறங்கும்போது பாஸ்டர் ஐயா தாழ்ந்த குரலில் கேட்டார். "பாத்தேன்னு சொன்னீங்களே சிஸ்டர்?"

"துணியப் பாத்தேங்கய்யா."

அவர் ஒரு படி இறங்கி நின்றார். "அடுத்த வாரம் நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். புது விசுவாசிங்க இடறிப் போவாங்க. சமயம் பாத்து நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

அந்தச் சமயம் இன்னும் வரவில்லை. இப்போதும் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், யாராவது ஒருத்தி என் கையைப் பிடித்து, "உங்க சாட்சி என் விசுவாசத்த எவ்வளவு பலப்படுத்துச்சு தெரியுமா அக்கா," என்கிறாள். நான் கையை உருவிக்கொள்வதில்லை. அதற்கும் தைரியம் வேண்டும்.

அன்றைக்கு அவர்களை வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வீட்டு அக்கா இறந்துட்டாங்களாமே," என்றேன்.

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். "என்னடி, இன்னைக்கு வந்து கேக்குற? நான்தானே அன்னைக்குப் பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். உனக்கு மெசேஜ் போட்டேனே. படிச்சாச்சுன்னு காட்டுச்சே."

"நான் படிக்கல."

"நீ கேம்ப் போன அன்னைக்கு சாயங்காலமே மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். என் வேன்லதான். சனிக்கிழமை விடியும்போது போயிட்டாங்க. திங்கக்கிழமை அடக்கம். மறுநாளே அவங்க நல்ல துணியெல்லாம் யாருக்காவது கொடுக்கணும்னு அவரு தொவச்சுக் காயப் போட்டாரு. நீ வந்து ஒரு வார்த்த கேக்கல. அந்த வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்கல. சரி, மனசு தாங்காம ஒதுங்கியிருக்கா, தானாப் போவான்னு விட்டுட்டேன்." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "நாப்பது நாளா நாம என்னதாண்டி பேசிக்கிட்டோம்?"

யோசித்துப் பார்த்தேன். சாவி எங்கே, பால் இருக்கிறதா, நான் வர நேரமாகும். அவ்வளவுதான் பேசியிருக்கிறோம்.

மறுநாள் காலை நான் முழங்காலிடவில்லை. கட்டிலிலேயே கிடந்தேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, முன்கூட்டி விடுப்புக் கேட்காமல், ஓட்டலுக்கு வரவில்லை என்று சொன்னேன். மாலையில் செயற்குழு இருக்கிறது என்று கைப்பேசி அடித்தது. அதையும் அணைத்துப் போட்டேன். காலை ஒன்பது மணிக்குப் போய் அந்தக் கதவைத் தட்டினேன். என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனிதருக்காவது நான் பக்கத்து வீட்டுக்காரியாக இருக்க வேண்டும். அக்காவுக்குத்தான் இல்லாமல் போனேன். அதற்கு முதலில் அவர் என்னைத் திட்ட வேண்டும், வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும், பிறகு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், பிறகு எப்படியாவது தொடங்கலாம்.

அண்ணன் திட்டவில்லை. உட்காரச் சொன்னார், தேநீர் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை டப்பாவைத் தேடி மூன்று அலமாரியைத் திறந்தார்.

"மன்னிச்சிருங்கண்ணே."

"எதுக்கும்மா? நீங்க கெட்டதா ஒண்ணும் கேக்கலயே. அவளுக்கு நல்லாகணும்னுதானே கேட்டீங்க."

"அன்னைக்குப் படியில கத்திட்டு ஓடினேனே, அப்பவாவது நிறுத்திச் சொல்லியிருக்கலாமே."

அவர் தேநீர்க் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். நானே கேட்டேன், ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கிக் கேட்டிருப்பேன் போலிருக்கிறது.

"அக்கா என்னப் பத்தி ஏதாவது சொல்வாங்களா?"

"சொல்லுவா," என்றார். "நீங்க ஜெபம் பண்றது எங்களுக்குக் கேக்கும்மா. நடுவுல இருக்கிறது ஒத்தச் செங்கல் சுவருதான். வார்த்த வார்த்தையாக் கேக்கும்."

நான் அவள் இருமலைத் தினமும் கேட்டவள். என் குரல் அந்தப் பக்கம் போகும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. மேலே போகும் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

"அஞ்சு மணிக்கு முன்னாடியே முழிச்சிருவா. 'ஆரம்பிச்சுட்டா பாருங்க, எனக்காக என்னமா அழுறா'ன்னு சொல்லுவா. நீங்க ஆமென் சொன்னதும், 'முடிச்சிட்டா, இன்னைக்கு வருவா. என்ன நாற்காலியில தூக்கி வைங்க, கதவத் திறந்து வைங்க'ன்னு சொல்லுவா. இவ்வளவு அழுறவ வராம இருக்க மாட்டான்னு அவளுக்கு. நானும் தலையச் சீவி விட்டு, நாற்காலியில வச்சு, கதவத் திறந்து வைப்பேன். அப்புறம் நீங்க கதவப் பூட்டுற சத்தம் கேக்கும். கைய ஆட்டிட்டுப் போவீங்க. 'வேலைக்கு நேரமாயிருச்சு போல, பாவம்'னு சொல்லுவா."

"எத்தன நாளுண்ணே?"

"எல்லா நாளும்தாம்மா."

கோப்பையைக் கீழே வைத்தேன். போதும், இத்தோடு விட்டுவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவர் இப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தார். படியில் ஏன் நிறுத்திச் சொல்லவில்லை என்ற என் முதல் கேள்விக்கு இப்போதுதான் பதில் வந்தது.

"அவ போனதுக்கு அப்புறம் நாலாம் நாளு, காலையில படுத்திருந்தேன். தூக்கம் இல்ல. திடீர்னு உங்க சத்தம். 'அக்காவத் தொடும், அக்காவ எழுப்பும்'னு. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. வந்து சொல்லிரணும்னுதான் எழுந்தேன். அப்புறம் உக்காந்துட்டேன். ஊர்ல எல்லாரும் அவ இருந்தா, இருந்தான்னு பேசுறாங்க. நீங்க மட்டும் அவ இருக்கான்னு பேசுறீங்க. அந்த இருபது நிமிசம் அவ பக்கத்துல படுத்திருக்கிற மாதிரியே இருக்கும். சொல்லிட்டா அதுவும் போயிரும்ல. அதான் சொல்லல. படியில கேட்டப்பவும் அதான் சொல்லல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்குக் காலையிலயும் முழிச்சுப் படுத்திருந்தேம்மா. சத்தம் வரல."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இருநூறு பேர் முன்னால் மைக் பிடிக்கிறவள், எந்த வீட்டு இழவுக்கும் ஆறுதல் வசனம் கையில் வைத்திருக்கிறவள். நாளைக்கு மறுபடி ஜெபிக்கிறேன் என்று சொல்ல முடியுமா? இல்லாதவளை இருக்கிறவளாக வைத்துச் சுகம் கேட்க இனி எனக்கு வாய் வருமா? தெரியாமல் செய்தபோது அந்த மனிதருக்கு அது துணையாக இருந்திருக்கிறது. உண்மை தெரிந்த அன்று அதையும் பிடுங்கிக்கொண்டேன்.

"நான் தினமும் வர்றேண்ணே," என்றேன். "வேலைக்குப் போறதுக்கு முன்னாடி. கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டுப் போறேன்."

"எதுக்கும்மா," என்றார் அவர். குரலில் கசப்பு இல்லை, களைப்பு மட்டும் இருந்தது. "வந்தா நான் அவளுக்குச் சொல்லணும்னு நினைப்பேன். பாரு, வந்துட்டான்னு. யார்கிட்டச் சொல்றது? வேணாம்மா."

எழுந்து கதவு வரை வந்து வழியனுப்பினார். பதினோரு மணிக்கு ஒரு பெண்ணுக்கு வண்டி பழக்க வேண்டுமாம்.

என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். நேராகப் போய்ச் சுவர் ஓரத்தில் விழுந்தேன். அழுகை அடிவயிற்றிலிருந்து முட்டிக்கொண்டு வந்தது. தலையணையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் அவர் இன்னும் வேலைக்குக் கிளம்பவில்லை.